சர்வோ வந்ததும் நின்றுபோன இடது மோட்டார்

வணக்கம் நண்பரே. ஆர்டுயினோ ஊனோ போர்டில் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறிய மோட்டார்) சேர்த்த பிறகு, இடது மோட்டார் வேக எண்ணாக 255 (முழு வேகம்) கொடுத்தால் ஓடுகிறது, 120 கொடுத்தால் ஓடவில்லை என்கிறீர்கள். அவசரப்பட்டுப் மோட்டாரை இயக்கும் எல்298என் போர்டைப் புதிதாக வாங்கிவிடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎன்ஏ வயரை ஊனோவின் 9-ஆம் பின்னில் கொடுத்திருக்கிறீர்களே, அதுதான் கோளாறு. சர்வோவை இயக்கும் கோடுத் தொகுப்பான சர்வோ லைப்ரரி, 9, 10 பின்களின் துடிப்பைக் கவனிக்கும் டைமர் 1-ஐ எடுத்துக்கொள்வதால் அந்த இரண்டிலும் அனலாக்ரைட் (வேக எண்ணை அனுப்பும் கட்டளை) வேலை செய்யாது. 255 என்றால் பின் நேராக ஹை (முழு வோல்ட்) ஆகிவிடும், அதனால் அது மட்டும் ஓடுகிறது. வயரை 5-க்கு மாற்றி, கோடிலும் எண்ணைத் திருத்துங்கள்.

மாற்றிய பிறகும் மோட்டார் முனகிக்கொண்டே நின்றால் 150 வரை ஏற்றிப் பாருங்கள். எல்298என் தானே சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். அப்புறம், சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட் கொடுங்கள். கிரவுண்ட் வயர்கள் எல்லாம் கட்டாயம் ஒன்றாகச் சேர வேண்டும்.