வாசகர் கேள்வி – பதில்: வைரஸ் மருந்தை நம்பிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: கல்லீரல் புற்றுநோய்க்கு வைரஸ் மருந்து சோதிக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் பங்கை வாங்கச் சொல்கிறார் நண்பர். முதற்கட்டச் சோதனையில் நோயாளிகள் இரு மடங்கு காலம் வாழ்ந்தார்களாம். 20,000 வெள்ளி போடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: எதைவிட இரு மடங்கு என்று முதலில் கேளுங்கள். இதே நோயில் இதே பேச்சு முன்பும் எழுந்தது. பெக்சா-வெக் என்பது பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வேக்சினியா வைரஸை மாற்றியமைத்துச் செய்த மருந்து. 2013இல் வெளியான ஆய்வில் இருந்தவர்கள் 30 பேர்தான். அதிக அளவு மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 14.1 மாதம், குறைந்த அளவு பெற்றவர்களுக்கு 6.7 மாதம். மருந்தே பெறாத குழு அதில் இல்லை. இவ்வளவு சிறிய ஆய்வில், ஒரு பக்கம் சற்றுத் தெம்பான நோயாளிகள் சிலர் கூடுதலாகச் சேர்ந்தாலே கணக்கு மாறிவிடும்.

அடுத்து 459 பேரிடம் மூன்றாம் கட்டச் சோதனை. ஒரு குழுவுக்குக் கல்லீரல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த சொராஃபெனிப் மாத்திரை மட்டும். மற்றக் குழுவுக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று வைரஸ் ஊசி, ஆறாம் வாரத்திலிருந்து மாத்திரை. 2019 ஆகஸ்டில் இடைக்கணக்கைப் பார்த்த கண்காணிப்புக் குழு, தொடர்வதில் பயனில்லை என்றது. தென்கொரியச் சந்தையில், பெக்சா-வெக்கைச் சோதித்த சில்லாஜென் நிறுவனத்தின் பங்கு சரிந்தது. இறுதிக் கணக்கில் இடைநிலை ஆயுள் வைரஸ் பெற்றவர்களுக்கு 12.7 மாதம், மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 14.0.

ஊசி போட்ட கட்டிக்குள் வைரஸ் பெருகும். ரத்தத்தில் கலந்ததை எதிர்ப்பொருள்கள் மடக்கிவிடும். தொலைவிலுள்ள கட்டிகளும் சுருங்க வேண்டுமானால் உடலின் எதிர்ப்பு அணுக்கள் விழித்தெழ வேண்டும். எல்லார் உடலிலும் அது நடப்பதில்லை.

இந்தத் துறையே வெறுங்கை என்று சொல்லவில்லை. தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கு டி-வெக் என்ற வைரஸ் மருந்தை அமெரிக்கா 2015இல் அனுமதித்தது. 436 பேர் ஆய்வில், கட்டி சுருங்கி ஆறு மாதமாவது அப்படியே நீடித்தவர்கள் 16.3 விழுக்காடு, வேறு மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 2.1. ஆனால் ஆயுள் நீட்டிப்பு, தற்செயல் அல்ல என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது.

ஆகவே நிறுவன அறிக்கையில் ஒப்பீட்டுக் குழு உண்டா, சொல்லப்படுவது கட்டி அளவா ஆயுளா, ஊசி படாத கட்டிகள் என்னவாயின, கையிருப்புப் பணம் எத்தனை காலாண்டுக்கு வரும் என்று பாருங்கள். பணம் தீர்ந்தால் புதுப் பங்கு வெளியிடுவார்கள், உங்கள் பங்கின் மதிப்பு கரையும். வீட்டுக் கடனுக்கும் பிள்ளை படிப்புக்கும் வைத்த வெள்ளியென்றால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். இத்தகைய சோதனையில் சேர்க்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: பங்குச் செய்தியை வைத்து முடிவெடுக்காதீர்கள், புற்றுநோய் மருத்துவரிடம் பேசுங்கள். சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உள்ளனவா, ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் என்ன மருந்து, எந்தச் செலவு உங்களுடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மா எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஊசி போட்ட இடத்தில் சுற்றிய துணிக்கட்டில் வைரஸ் இருக்கலாம், அதைக் கையுறை அணிந்து மாற்றுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, வைரஸ் ஊசிக்காக வழக்கமான சிகிச்சை எத்தனை வாரம் தள்ளிப்போகும் என்று கேளுங்கள்.