தங்க நிற ஷாக் வாங்கலாமா? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தார்ச் சாலையிலும் கார்ப்பெட் தளத்திலும் ஓடும் ரேடியோவால் இயக்கும் (ஆர்.சி.), பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார டூரிங் கார்களின் ஷாக் அப்சார்பர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

என்னிடம் டாமியா டிடி-02 கார் உள்ளது. விடுமுறை நாள்களில் கல்லூரியின் வாகன நிறுத்துமிடத்தில் ஓட்டுகிறேன். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் ஷாக்குகளைக் கழற்றிவிட்டு, இணையக் கடைகளில் கிடைக்கும் தங்க நிற அலுமினிய ஷாக்குகளைப் பூட்டும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். செலவுக்கேற்ற பயன் கிடைக்குமா?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பதற்கு முன்னால், உள்ளே எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். 2013இல் வெளிவந்த டிடி-02இன் அடிப்படைப் பெட்டியில் வருபவை உராய்வு ஷாக்குகள். அவற்றில் எண்ணெய் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் தண்டு இன்னொரு பிளாஸ்டிக் குழலுக்குள் உரசுவதால் உண்டாகும் தடையை மட்டுமே நம்பி ஸ்பிரிங் வேலை செய்கிறது. உராய்வின் தடை, தண்டு மெதுவாக நகர்ந்தாலும் வேகமாக நகர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அதனால் சிறு மேடுகளில் தண்டு அசையவே மறுக்கிறது. பெரிய மேட்டில் போதிய தடை இல்லாமல் கார் துள்ளுகிறது. எண்ணெய் ஷாக்கிலோ வேகத்துக்கேற்பத் தடையும் கூடும். இந்த மாற்றத்தின் பலனை முதல் வளைவிலேயே உணர்வீர்கள்.

ஆகவே உங்கள் முதல் செலவு எண்ணெய் ஷாக்குகளுக்காக இருக்கட்டும். அவை அலுமினியமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. டாமியாவின் சிவிஏ வகை பிளாஸ்டிக் எண்ணெய் ஷாக்குகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. டிடி-02 டைப்-எஸ் பெட்டியிலும் அவையே வருகின்றன. ஒழுங்காகக் கட்டப்பட்ட சிவிஏ ஷாக், அவசரமாகக் கட்டப்பட்ட விலையுயர்ந்த அலுமினிய ஷாக்கைவிட நன்றாக ஓடும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

அலுமினியம் தரும் உண்மையான வசதி, உடலில் வெட்டிய மரையும் அதில் சுழலும் வளையமும்தான். பிளாஸ்டிக்கில் தரை இடைவெளியை மாற்ற, பிறை வடிவத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகவும் எடுக்கவும் வேண்டும். மரை வளையத்தைக் கால் சுற்று திருப்பினாலே போதும். உடல் வளையாமல் இருப்பதும் மூடி நன்றாக இறுகுவதும் அடுத்த ஆதாயங்கள். நிறத்தால் எந்த ஆதாயமும் இல்லை.

மலிவான அலுமினியத் தொகுதியை வாங்கினால், எண்ணெய் ஊற்றும் முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். தண்டைத் தனியாகக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுங்கள்; வளைந்த தண்டு உருளும்போது அதன் அடியில் ஒளிக்கீற்று தோன்றி மறையும். பிறகு ஓ-ரிங் எனும் கசிவுத் தடுப்பு வளையம் இல்லாமல், துளையிட்ட வட்டான பிஸ்டனையும் அதைத் தாங்கும் தண்டையும் உடலுக்குள் விட்டு நிமிர்த்திப் பிடியுங்கள். அது தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். அதே சமயம் பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால், துளைகளின் வழியாகச் செல்ல வேண்டிய எண்ணெய் பிஸ்டனின் விளிம்பைச் சுற்றி ஒழுகும். ஒவ்வொரு ஷாக்கிலும் வெவ்வேறு அளவில் ஒழுகும் என்பதே அதிலுள்ள பெரிய தொல்லை. வாங்கும்போது, மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடைப்பட்ட நீளத்தைப் பழைய ஷாக்கோடு அளந்து ஒப்பிடவும் மறக்காதீர்கள்.

ஒரு குப்பியில் 30 என்றும், இன்னொன்றில் 350 என்றும், வேறொன்றில் 400 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எது கெட்டியான எண்ணெய்? நண்பர் சொல்லும் எண்ணை அப்படியே பின்பற்றலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

இரண்டு அளவுமுறைகள் கலந்து கிடப்பதால் வரும் குழப்பம் இது. 350, 400 போன்றவை பெரும்பாலும் செண்டிஸ்டோக்ஸ் எனப்படும் பாகுநிலை அலகில் சொல்லப்படுபவை. வழக்கமாக 25 டிகிரி செல்சியஸில் அளக்கப்படுபவை. 30, 35, 40 ஆகியவை ‘வெயிட்’ என்ற அமெரிக்க வழக்கம். டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் எண்ணெயை எடுத்துக்கொண்டால் 30 வெயிட் என்பது 350 செண்டிஸ்டோக்ஸ், 35 என்பது 425, 40 என்பது 500. ஆனால் ‘வெயிட்’ எண்ணுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவு இல்லை. ஒருவரின் 30 இன்னொருவரின் 30 ஆகாது. எனவே செண்டிஸ்டோக்ஸ் அச்சிட்ட குப்பிகளையே வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் எண்ணெயையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

நண்பரின் எண்ணைப் பின்பற்றலாமா என்றால், அவருடைய பிஸ்டனும் ஓடுதள வெப்பமும் உங்களுடையவையோடு ஒத்திருந்தால் மட்டுமே. பிஸ்டனைப் பற்றிப் பின்னால் வரும் பதிலில் சொல்கிறோம். வெப்பத்தைப் பொறுத்தவரை, சிலிகான் எண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நிலையானது என்றாலும், அதுவும் இளகத்தான் செய்யும். 25 டிகிரியில் 350 இருக்கும் எண்ணெய் 45 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்து 240 அளவுக்கு வந்துவிடும். ஐரோப்பியக் குளிர்கால உள்ளரங்குப் போட்டிகளில் வீரர்கள் வெளியிடும் அமைப்புத் தாள்களைப் பார்த்து, வெப்ப நாட்டு நண்பகல் வெயிலில் அப்படியே ஊற்றுபவர்கள் தங்கள் கார் மிதப்பதாகக் குறைப்படுவது இதனால்தான். அதே நடத்தை வேண்டுமானால் அங்கே 350 ஊற்றும் இடத்தில் நீங்கள் 450 அல்லது 500 ஊற்ற வேண்டியிருக்கும். குளிரூட்டிய அரங்கில் ஓட்டினால் இந்தக் கவலை இல்லை.

மோட்டார் சைக்கிள் முன் ஃபோர்க்குக்கு ஊற்றும் எண்ணெயை ஆர்.சி. ஷாக்கில் ஊற்றலாமா? குப்பியில் ‘10’ என்றுதான் இருக்கிறது.
– வாசகர், மதுரை

வேண்டாம். ஃபோர்க் எண்ணெயில் உள்ள 10 என்ற எண்ணுக்கும் ஆர்.சி. எண்ணெயில் உள்ள எண்ணுக்கும் உறவில்லை. அது 40 டிகிரியில் ஏறக்குறைய 30 முதல் 50 செண்டிஸ்டோக்ஸ்தான் இருக்கும். நமக்குத் தேவையானது அதைப் போலப் பல மடங்கு கெட்டியானது. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதால் வெயிலில் இன்னும் வேகமாக இளகும், சிலிகான் ஓ-ரிங்குகளையும் கெடுக்கும். தையல் இயந்திர எண்ணெய்க்கும் இதே பதில்தான்.

எங்கள் குடியிருப்பின் கான்கிரீட் தளத்தில் பலகைகள் சேரும் இடங்களில் கார் துள்ளுகிறது. எண்ணெயை மெலிதாக்கிக்கொண்டே வந்தேன். இப்போது வளைவுகளில் அலைபாய்கிறது, துள்ளலோ நிற்கவில்லை.
– வாசகர், சென்னை

எண்ணெயை இனியும் மெலிதாக்காதீர்கள், பிஸ்டனை மாற்றுங்கள். டூரிங் கார் ஓட்டுபவர்களில் பலர் வருடக்கணக்கில் எண்ணெயோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில்தான் பிஸ்டனைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஷாக் இரண்டு வேறுபட்ட வேகங்களில் வேலை செய்கிறது. கார் வளைவில் சாயும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தண்டு மெதுவாக நகர்கிறது. அப்போது எண்ணெய் பிஸ்டன் துளைகளின் வழியே அமைதியாகச் செல்கிறது. தடையை எண்ணெயின் கெட்டித்தன்மையும் துளையின் அளவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சக்கரம் கான்கிரீட் விளிம்பில் இடிக்கும்போது தண்டு நொடியின் சிறு பகுதியில் உள்ளே பாய வேண்டும். அந்த வேகத்தில் எண்ணெய் துளையை விட்டுத் தப்ப வழியில்லாமல் நெரிபட்டு, ஷாக் ஒரு கணம் திடப்பொருளைப் போலப் பூட்டிக்கொள்கிறது. ஊசி மருந்துக் குழலில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்தினால் எளிதாக வருவதும், ஓங்கி அழுத்தினால் கட்டைவிரல் நின்றுவிடுவதும் இதே காரணத்தால்தான். ஆர்.சி. வட்டாரத்தில் இதைப் ‘பேக்’ ஆவது என்கிறார்கள். அந்த வேகத்தில் துளையின் பரப்பே பெரும்பாலும் தடையைத் தீர்மானிப்பதால், எண்ணெயை மெலிதாக்கி அதைச் சரிசெய்ய முடியாது. நீங்கள் மெலிதாக்கியபோது வளைவுகளில் தேவைப்பட்ட மெதுவேகத் தடைதான் போயிற்று.

எனவே பெரிய துளையும் கெட்டி எண்ணெயும் கொண்ட இணைக்கு மாறுங்கள். மூன்று துளைகள், ஒவ்வொன்றும் 1.1 மி.மீ. விட்டம் என்ற பிஸ்டன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துளைகளை 1.2 மி.மீ. ஆக்கினால், மெதுவான ஓட்டத்தின் தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதால், ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட 350க்குப் பதில் 500 ஊற்ற வேண்டும். வளைவில் கார் முன்புபோலவே நிதானமாகச் சாயும், விளிம்புகளில் துள்ளாது. கணக்குக்கும் நடைமுறைக்கும் சிறு இடைவெளி இருக்கும். 450இல் தொடங்கிப் பாருங்கள். வழவழப்பான கார்ப்பெட் தளத்துக்கு நீங்கள் மாறினால் சிறிய துளைகளுக்கே திரும்பலாம். அங்கே திருப்பலுக்குக் கார் உடனே பதில் சொல்வதுதான் வேண்டும், மேடு பள்ளம் இல்லை.

துளையைக் கையால் துரப்பணம் செய்து பெரிதாக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நான்கு பிஸ்டன்களும் ஒன்றுபோல வருவது அரிது.

கார் இடப்பக்கம் அழகாகத் திரும்புகிறது. வலப்பக்கம் திருப்பினால் பின்பகுதி சுழன்றுவிடுகிறது. புதிய அலுமினிய ஷாக்குகளைப் பூட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை.
– வாசகர், ஈரோடு

இடதும் வலதும் வேறுபட்டால், நான்கு சக்கரங்களின் மேலும் சுமை சரியாகப் பங்கிடப்படவில்லை என்று பொருள். புதிய ஷாக்குக்குப் பிறகு வந்தது என்பதால், ஒரே அச்சில் உள்ள இரண்டு ஷாக்குகள் ஒன்றுபோல இல்லை என்றே முதலில் ஐயப்பட வேண்டும்.

ஷாக்குகளைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, தண்டை முழுவதும் இழுத்த நிலையில் நீளத்தைக் காலிப்பரால் அளவிடுங்கள். கீழே தண்டின் முனையில் உள்ள பால் எண்ட் எனும் இணைப்புத் துண்டைத் திருகி நான்கையும், குறைந்தது இரண்டிரண்டாகவேனும், ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்டைக் குறட்டால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் அது ஓ-ரிங்கைத் தின்றுவிடும். அதற்கென்று விற்கும் பிடிப்பானையோ தடித்த ரப்பர் துண்டையோ பயன்படுத்துங்கள்.

அடுத்து எண்ணெய். பிஸ்டனைக் கீழே இறக்கி, விளிம்புவரை ஊற்றி, தண்டை மேலும் கீழும் மிக மெதுவாக நகர்த்துங்கள். பிஸ்டன் எண்ணெய்க்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால் புதிய காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். துளைகளிலிருந்து குமிழிகள் நூல் கோத்ததுபோல் எழுவதைக் காண்பீர்கள். அவை நின்ற பிறகும் ஷாக்கை நிமிர்த்தி வைத்துச் சற்று நேரம் காத்திருங்கள், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு மூடிக்கு அடியில் வரும் ரப்பர் சவ்வை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, காற்று சிக்காமல் படியவிட்டு, தண்டை நீங்கள் விரும்பும் அளவுக்கு உள்ளே தள்ளிய நிலையில் மூடியை இறுக்குங்கள். தண்டு எவ்வளவு உள்ளே இருக்கும்போது மூடினீர்களோ, அதற்கேற்பத்தான் அது தானாக வெளியே திரும்பும் அளவு அமையும். ஆகவே நான்கையும் ஒரே நிலையில் மூட வேண்டும். அழுத்தும்போது ‘ஸ்ஸ்’ என்ற ஓசை கேட்டால் உள்ளே காற்று உண்டு. திறந்து மீண்டும் கட்டுங்கள்.

இரண்டு ஷாக்குகளின் தண்டு முனைகளை எதிரெதிரே வைத்து, இரு கைகளாலும் ஒன்றையொன்று அழுத்துங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே செல்ல வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் அந்த இணை இன்னும் தயாராகவில்லை.

இதற்குப் பிறகுதான் மரை வளையங்கள். இவற்றை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சீரான ஸ்பிரிங்கில் அப்படி நடக்காது. காரின் அந்த மூலை உயரும், அந்த மூலையின் மேலும் அதற்குக் குறுக்கு எதிர் மூலையின் மேலும் சுமை கூடும், அவ்வளவே. பேட்டரியோடு காரைச் சமதளக் கண்ணாடியின் மேல் வைத்து, ஸ்வே பார் (சாய்வைக் குறைக்கும் கம்பி) இருந்தால் கழற்றிவிட்டு, சேசிஸின் பின்முனையின் நடுக்கோட்டைக் கத்தி முனையால் மெதுவாகத் தூக்குங்கள். பின்சக்கரங்களில் எது முதலில் தரையை விட்டு எழுகிறதோ, அதன் மேல் சுமை குறைவு. அந்தப் பக்கத்து வளையத்தைச் சிறிது இறுக்கி, மறுபக்கத்தை அதே அளவு தளர்த்துங்கள். முன்பக்கத்திலும் இதையே செய்து பாருங்கள். தரை இடைவெளி, சீரான தார்த் தளத்தில் 5.5 முதல் 6 மி.மீ. வரை இருந்தால் நன்று. கரடுமுரடான வாகன நிறுத்துமிடத்தில் இன்னும் இரண்டு மி.மீ. தயங்காமல் உயர்த்தலாம்.

ஷாக்கின் மேல்முனையைப் பொருத்தப் பல துளைகள் இருக்கின்றனவே, எதில் பொருத்துவது?
– வாசகர், திருச்சி

கையேடு சொல்லும் துளையில் தொடங்குங்கள். மேல்முனையை உள்நோக்கி நகர்த்தினால் ஷாக் சாய்ந்து, சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங்கின் கடினம் குறையும். செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்ந்திருந்த ஷாக்கை 30 டிகிரிக்குச் சாய்த்தால் இந்தக் குறைவு ஏறக்குறைய 15 சதவீதம். வேறு ஸ்பிரிங் வாங்காமலேயே கிடைக்கும் மென்மை இது. துளையை மாற்றிய பிறகு தரை இடைவெளியை மீண்டும் சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிங்கே வாங்குவதென்றால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அச்சிட்ட விறைப்பைப் பாருங்கள்: அங்குலத்துக்கு 15 பவுண்டு என்பதும் மில்லிமீட்டருக்கு 2.6 நியூட்டன் என்பதும் ஏறக்குறைய ஒன்றே.

ஷாக்கின் அடியில் எப்போதும் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டுகிறது. ஓ-ரிங் மாற்றியும் நிற்கவில்லை.
– வாசகி, புதுச்சேரி

தண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். கீறல் இருந்தால் எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் பயனில்லை, தண்டையே மாற்ற வேண்டும். கீறல் இல்லையென்றால், ஓ-ரிங்கைத் தண்டில் செலுத்தும்போது மரை முனை அதை அறுத்திருக்கக் கூடும். மரையின் மேல் ஒரு துளி ஷாக் எண்ணெய் தடவி, மெதுவாகச் சுழற்றியபடி செலுத்துங்கள். சிலிகான் ஓ-ரிங்குகள் சிலிகான் எண்ணெயில் ஊறி நாளடைவில் உப்பும் என்பதால், தண்டு இறுக்கமாக நகரத் தொடங்கினாலும் அவற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது நான்கையும் ஒரே நாளில், ஒரே பொட்டலத்திலிருந்து மாற்றுங்கள்.