சீன மலைநீர் ஓவியத்தில் கார்ட்டூன் உருவம் ஏன் ஒட்டாமல் நிற்கிறது?

"மலையும் மேகமும் நன்றாக வருகின்றன. நடுவில் கார்ட்டூன் உருவத்தைப் போட்டதும் ஸ்டிக்கர் ஒட்டியது போல ஆகிவிடுகிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மலைநீர் ஓவியம் என்பது மலை, நீர், மூடுபனியை மையால் தீட்டும் சீன நிலக்காட்சி ஓவியம். படம் இணைக்கவில்லை என்றாலும் நடந்ததை ஊகிக்க முடிகிறது. மலையை முழுதாக முடித்து, காயவிட்டு, அதன் மேல் அக்ரிலிக்கிலோ போஸ்டர் கலரிலோ உருவத்தைப் போட்டிருப்பீர்கள். கடைசியில் கறுப்பு மார்க்கரால் வெளிக்கோடு இழுத்திருப்பீர்கள். மூன்றையும் மாற்ற வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது உருவத்தின் கண்.

டாங் காலக் கவிஞரும் ஓவியருமான வாங் வெய் பெயரில் வழங்கிவரும் பழைய சீன ஓவிய விதி ஒன்று, தொலைவில் நிற்கும் மனிதனுக்குக் கண் கிடையாது, தொலைவு மரத்துக்குக் கிளை கிடையாது என்கிறது. அதன் கூடவே வருவது அளவு விதி: மலை ஒரு ஜாங் என்றால் மரம் ஒரு சீ, குதிரை ஒரு சுன், மனிதன் ஒரு ஃபென். இவை சீன நீள அளவுகள், ஒவ்வொன்றும் முந்தையதில் பத்தில் ஒரு பங்கு. இதை யாரும் ஸ்கேல் வைத்து அளந்து வரைவதில்லை. ஆனால் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதில்தான் மலையின் உயரமே தெரிகிறது. சோங் கால ஓவியர் ஃபான் குவானின் 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்' ஓவியம் 2 மீட்டருக்கு மேல் உயரம். அதன் கீழ்ப்பகுதியில் வலப்பக்கத்தில் இருக்கும் கழுதைக் கூட்டம் முதல் பார்வையில் கண்ணிலேயே படாது.

கார்ட்டூன் உருவமோ கண்ணால்தான் உயிர் வாழ்கிறது. தலையில் பாதி கண். அதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பார்ப்பவர் பார்வை அங்கேயே குத்தி நின்றுவிடும், மலை வெறும் பின்திரை ஆகிவிடும். 69×138 செ.மீ. தாளில் மலை ஏறக்குறைய 90 செ.மீ. என்றால், நடுத்தொலைவு உருவம் 3 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. முன்தரையில் 6 வரை போகலாம். 3 செ.மீ. உருவத்துக்குக் கண் என்றால் இரண்டு மைப்புள்ளி, அவ்வளவுதான். அடையாளம் காது, தொப்பி, தொப்பை, நிற்கும் தோரணை என்று நிழலுருவத்திலிருந்து வரட்டும். கண் இல்லாமல் கார்ட்டூன் ஏது என்பவர்கள் ஃபெங் ஸிகாயைப் பார்க்கலாம். 1920களிலேயே தூரிகையும் மையும் கொண்டு கார்ட்டூன் வரைந்தவர், எத்தனையோ முகங்களைக் கண், மூக்கு இல்லாமலே விட்டிருக்கிறார். அந்த மனிதர்களின் மனநிலை தோள் வளைவிலேயே தெரியும்.

அடுத்தது கோடு. மார்க்கர் கோடு ஓவியத்திலேயே மிகக் கறுப்பாக, மிகச் சீராக இருக்கும், அதனால் முன்னால் துருத்தும். சீரான கோடு சீன மரபுக்கு அந்நியம் இல்லை. உருவ ஓவியத்தில் 'இரும்புக்கம்பிக் கோடு' என்றே ஒரு வகை உண்டு: கீரி போன்ற வீசல் என்னும் விலங்கின் முடியில் செய்த மெல்லிய தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, நுனி கோட்டின் நடுவிலேயே போகும்படி, ஒரே வேகத்தில் இழுப்பது. கார்ட்டூனுக்கு இதுதான் சரியான வாசல். மையை நடுத்தர அடர்த்திக்கு நீர்க்க வையுங்கள். அடர்ந்த கறுப்பு, பாறை மேல் வைக்கும் பாசிப்புள்ளிகளுக்கும் முன்தரை மரங்களுக்கும் மட்டும். உருவத்தின் கால் புல்லிலோ மூடுபனியிலோ மறையும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள்.

வரிசையையும் மாற்றுங்கள். கரித்துண்டால் உருவத்தின் இடத்தை லேசாகக் குறித்து, அதன் கோட்டை முதலில் போடுங்கள். பிறகு மலைக்கோடு, பாறையின் சொரசொரப்புக் கீற்றுகள், நீர்மை (நீர்த்த மைப் பூச்சு). நிலத்துக்குப் போடும் அதே நீர்மையை உருவத்தின் கால்பகுதி மீதும் ஓடவிடுங்கள். உருவத்தின் நிறம் கடைசியில். மூக்கில் பளபளப்புப் புள்ளி, கன்னத்தில் நிழல், தரையில் விழும் நிழல் எதுவும் வேண்டாம். மலைநீர் ஓவியத்தில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வருவதில்லை. ஒரு உருவத்துக்கு மட்டும் நிழல் விழுந்தால் முழு இடமும் பொய்யாகிவிடும். முன்தரை உருவத்தில் கண்ணின் வெள்ளை வந்தால் அதற்குத் தாளையே விட்டுவையுங்கள்.

பச்சை ஷுவான் தாளில், அதாவது பசை ஏற்றாத சீன ஓவியத் தாளில், மெல்லிய கோடு ஊறிப் பரவும். முழுக்கப் பசை ஏற்றிய தாளில் கோடு நிற்கும், ஆனால் மூடுபனி விளிம்பு கட்டிக் கறையாகும். பாதி ஏற்றிய தாள் நல்ல சமரசம். பச்சைத் தாள்தான் கையில் இருக்கிறது என்றால் உருவம் வரும் இடத்துக்கு மட்டும் பசை ஏற்றலாம். வஜ்ரப் பசை (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) 7 பங்கு, படிகாரம் 3 பங்கு என்பது மரபான அளவு. பசையைக் கொதிக்கவிடாமல் வெந்நீரில் கரைத்து ஆறவையுங்கள். படிகாரத்தைத் தனியாகக் கரைத்து அதோடு சேருங்கள். கலவை நீர்க்க இருக்கட்டும். மெல்லிய பூச்சு இரண்டு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள், பரவினால் இன்னொரு பூச்சு. படிகாரம் கூடினால் தாள் மொறமொறத்து நாளடைவில் ஒடியும். பூசிய இடத்தின் விளிம்பு, மேலே நீர்மை ஓடும்போது வெள்ளை வளையமாகத் தெரியும். அதனால் விளிம்பை நேராக முடிக்காமல் ஈரத் தூரிகையால் கலைத்து, மூடுபனிக்குள் போய் மறையும்படி விடுங்கள்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஷுவான் என்று விற்பதில் பெரும்பகுதி இயந்திரத்தில் செய்த மரக்கூழ்த் தாள். உண்மையான ஷுவான், அன்ஹுயி மாநிலத்து ஜிங் வட்டாரத்தில் நீலச்சந்தனம் எனப்படும் மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்த்துக் கையால் எடுப்பது. அந்தக் கைவினையை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. விற்பவர்கள் பலர் பசை ஏற்றியதா இல்லையா என்பதைக் கூடச் சொல்வதில்லை. தாள் கிழிந்து வீணாகும்போது புதிதாகக் கற்பவர் தன் கையைத்தான் நொந்துகொள்கிறார். இது அநியாயம். ஓரத்தை ஈரமாக்கிக் கிழித்துப் பாருங்கள், நீள நாராக இழைந்து வரவேண்டும்.

பெரிய, பளிச்சென்ற உருவம்தான் வேண்டும் என்றால் மை மலையை விட்டு நீலப்பச்சை மலைக்குப் போங்கள். வாங் ஷிமெங் 1113இல் வரைந்த, கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளச் சுருள்தான் அதற்குப் பாடம். அடியில் காவி, மேலே மாலகைட் என்னும் கல்லின் பச்சை, உச்சியில் அசுரைட் என்னும் கல்லின் நீலம், எல்லாம் மெல்லிய பல பூச்சுகள். கல் தூள் பருமனாக இருந்தால் நிறம் ஆழம், நைசாக இருந்தால் வெளிறும். பசை குறைந்தால் விரலில் ஒட்டும், கூடினால் நிறம் மங்கி வெடிக்கும். இந்தக் கல் நிறங்களுக்குப் பக்கத்தில் போஸ்டர் சிவப்பு கத்தும், சாதிலிங்கச் சிவப்பு அடங்கி நிற்கும். அது பாதரசச் சரக்கு, கேம்போஜ் மஞ்சளும் நஞ்சு. தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள்.

மரபைக் கெடுக்கிறீர்கள் என்று யாராவது சொல்வார்கள். ஷாங்காய் அனிமேஷன் ஸ்டூடியோ 1963இல் எடுத்த எருமை மேய்க்கும் சிறுவன் படத்தில் மை ஓவியர் லீ கெரானின் எருமைகள்தான் நடக்கின்றன. ஒரே உருவத்தின் மைச்சாயல்களைத் தனித்தனி அடுக்காகப் பிரித்து, தனித்தனியே படமெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதனால்தான் கார்ட்டூனுக்குரிய வெளிக்கோடு இல்லாமலே எருமை மை போல ஊறி நிற்கிறது. அமெரிக்க பாப் ஓவியர் ராய் லிச்டென்ஸ்டைன் 1990களின் நடுவில் எதிர்த்திசையிலிருந்து வந்தார்: காமிக்ஸ் அச்சுப் புள்ளிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக இறக்கியே மூடுபனி செய்தார், மனிதர்களைச் சின்னதாகவே வைத்தார். இரண்டிலும் உருவமும் மலையும் ஒரே பொருளால் ஆனவை.

முடித்த படத்தைச் சுருளாக்கப் போகிறீர்கள் என்றால், அதே தாள், அதே நிறங்கள் கொண்ட ஒரு துண்டை முதலில் நனைத்துச் சோதியுங்கள். பின்தாள் ஒட்டும்போது ஓவியம் முழுக்க ஈரமாகும். தாள் விரியும், அக்ரிலிக் படலம் விரியாது, அந்த இடம் சுருங்கி மேடாகும். போஸ்டர் கலர் கரைந்து மேகத்துக்குள் ஓடும். சில புட்டி மைகள்கூட ஓடும். வெள்ளைத் துணியை மேலே வைத்து ஒற்றி எடுத்து, துணியில் கறை இல்லாவிட்டால் மட்டும் ஒட்டக் கொடுங்கள்.