75 ஹெர்ட்ஸ் வைத்ததால் திரை போய்விட்டதா?

கேள்வி: என் மகன் ஏதோ சாஃப்ட்வேர் போட்டு, வீட்டு எல்.ஈ.டி. மானிட்டரை 60 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 60 தடவை படம் புதுப்பிப்பது) 75க்கு மாற்றினான். சில நாளில் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. "சாஃப்ட்வேர்தான் பேனலை அடித்துவிட்டது" என்கிறார் கடைக்காரர். அப்படி நடக்குமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பையனைத் திட்டியிருந்தால் முதலில் அவனிடம் சமாதானமாகிவிடுங்கள். கடைக்காரர் சொல்வது 1981 மானிட்டருக்குப் பொருந்தும், உங்களுடையதற்கு அல்ல.

அந்த வருடம் ஐ.பி.எம். பி.சி.யோடு 5151 என்று ஒரு பச்சைத் திரை மானிட்டர் வந்தது. பிக்சர் டியூபில் கோடு கோடாகப் படம் வரைய நொடிக்கு 18,432 தடவை துடிப்பு வேண்டும். அந்தத் துடிப்பை அது தானாக உண்டாக்காது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்ப்ளே கார்டு அனுப்புவதையே நம்பியிருக்கும். கார்டில் இருந்த மோட்டோரோலா 6845 சிப்பில் ஒரு புரோகிராம் தப்பான எண்ணை எழுதிவிட்டால் துடிப்பு தாறுமாறாகும். அந்தத் துடிப்பில் இயங்கும் ஹாரிஸான்டல் டிரான்ஸிஸ்டரும், பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறிக் கருகும். பின்னாளில் லினக்ஸ் போட்டவர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது: திரையில் படம் காட்ட அதில் இருந்த எக்ஸ்ஃப்ரீ86 என்ற சாஃப்ட்வேரில் மானிட்டரின் அலைவரிசையைக் கையால் எழுத வேண்டும், தப்பாக எழுதினால் மானிட்டர் கெடலாம் என்று அதன் கையேடே எச்சரித்தது.

இன்றைய மானிட்டர் அத்தனை அப்பாவி இல்லை. தன்னால் என்னென்ன முடியும் என்ற பட்டியலை அதுவே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுகிறது. வரும் சிக்னலை உள்ளே ஸ்கேலர் என்ற சிப் பார்க்கிறது. ஒத்துவராவிட்டால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். 75 ஹெர்ட்ஸ் பிடிக்கவில்லை என்றால் படம் வராது, அல்லது விட்டுவிட்டு வரும். அவ்வளவுதான். பச்சைக் கோடு போடாது.

நெட்டுக்கோடு பெரும்பாலும் வேறு இடத்துக் கோளாறு. பேனல் ஓரத்தில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் ஓடும் ஃபிலிம் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டில் ஒரே ஒரு இணைப்பு விட்டாலும் ஒரு நெட்டுக்கோடு வந்துவிடும். மெக்கானிக்குகள் 'பாண்டிங் போயிடுச்சு' என்பது இதைத்தான். சூடு, ஈரப்பதம், திரையைத் துடைக்கும்போது ஓரத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் காரணமாகலாம்.

நீங்களே பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். 'நோ சிக்னல்' என்ற வாசகத்தை வரைவது மானிட்டர்தான். அப்போதும் கோடு தெரிந்தால் கம்ப்யூட்டருக்கோ சாஃப்ட்வேருக்கோ அதில் பங்கில்லை. கோடு மறைந்தால் கேபிளையும் டிஸ்ப்ளே கார்டையும் சந்தேகப்படுங்கள். கடைக்காரர் எதிரிலேயே செய்து காட்டுங்கள், அப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்!

ஒரு விதிவிலக்கு உண்டு. ஓ.எல்.ஈ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்; எரிய எரியத் தேயும். டாஸ்க்பாரோ சேனல் லோகோவோ மாதக்கணக்கில் முழு வெளிச்சத்தில் ஒரே இடத்தில் நின்றால், அதன் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அங்கே சாஃப்ட்வேரைக் குற்றம் சொல்லலாம். உங்களுடையது எல்.ஈ.டி.; கவலை வேண்டாம்.

வாரண்டி இருந்தால் மானிட்டரைத் திறக்க விடாமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.