"யாரையாவது வைத்துப் போடுங்கள்" என்று வங்கி சொல்லலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். எனக்குப் பார்வை முற்றிலும் இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியின் துணையோடு அரசு வங்கியின் செயலியை நானே இயக்கி, மண்டபத்தில் ஏலம் எடுக்கும் மீனுக்கு அங்கேயே பணம் போட்டு வந்தேன். செயலியைப் புதுப்பித்த பிறகு எந்தப் பொத்தானைத் தொட்டாலும் "லேபிள் இல்லாத பட்டன்" என்றே பேசுகிறது. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) புதுப்பிக்கப் போனால் கண் சிமிட்டச் சொல்கிறது. கிளையில், "வீட்டில் யாரையாவது வைத்துப் போடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்து அதனால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவர் தலையில்தான் விழும். கிளையில் வாய்வார்த்தையாகச் சொன்னது அன்றைக்கு உங்களைக் காப்பாற்றாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிரிவு 46, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிச் சேவை தருகிற எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் உரிய இந்திய அணுகல் தரம் ஐஎஸ் 17802. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், இந்தச் சட்டத்தின் கீழ் அணுகல் தரங்களைச் சொல்லும் விதி 15(1) வெறும் பரிந்துரையாக இருப்பதால் செல்லாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகள் வகுக்க உத்தரவிட்டது. இதைக் காட்டி "தரம் இன்னும் கட்டாயமில்லை" என்று வங்கி வாதிடக்கூடும். அதற்குப் பதில் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 30 பிரக்யா பிரசூன் தீர்ப்பு: டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி, கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தர வேண்டும், காகித வழி கேஒய்சியும் தொடர வேண்டும். ஆகவே கணக்கு முடங்கும் முன் கிளையில் காகிதத்திலேயே கேஒய்சியை முடித்து, முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இப்படிப்பட்ட புகார்கள் பெரும்பாலும் ஆதாரத்தில்தான் தோற்கின்றன. "செயலி வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று ஒற்றை வரிப் பதில் வரும். எந்தத் திரையில், எத்தனையாவது பொத்தானில் டாக்பேக் என்ன பேசியது என்று வரிசையாக எழுதுங்கள். செயலியின் பதிப்பு எண், ஆண்ட்ராய்டு பதிப்பு, தேதி, நேரம் எல்லாம் வேண்டும். வங்கிச் செயலிகள் பலவும் திரைப்பதிவைத் தடுக்கும், படம் கறுப்பாகத்தான் வரும். அதனால் டாக்பேக் குரல் தெளிவாகக் கேட்கும்படி இன்னொரு போனின் கேமராவால் எடுக்கச் சொல்லுங்கள். பின் எண்ணோ ஓடிபியோ பதிவாகக் கூடாது. மூலக் கோப்பு அந்தப் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி மாறிவிடும்.

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். இணையவழியில் கட்டணம் கிடையாது. விளக்கம் கேட்க 14448.

செயலியையே திருத்த வைக்க, டெல்லியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரை அணுக வேண்டும். அரசு வங்கி மத்திய அரசின் கீழ் வருவதால் சென்னையிலுள்ள மாநில ஆணையரிடம் அனுப்பி நாளைக் கழிக்காதீர்கள். பதிவுத் தபாலோ மின்னஞ்சலோ போதும். அவருடைய பரிந்துரையை ஏற்காவிட்டால், அதற்கான காரணத்தை வங்கி மூன்று மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறினால் பிரிவு 89-இன் கீழ் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. இது தலைமை ஆணையர் பரிந்துரையோடு நின்றுவிடக்கூடிய வழி என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். அங்கே வங்கி முதலில் கிளப்பும் ஆட்சேபனை, "இது வணிகக் கணக்கு, இவர் நுகர்வோர் அல்லர்" என்பதாகவே இருக்கும். மனுவின் தொடக்கத்திலேயே, பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சுயதொழில் இது என்று எழுதிவிடுங்கள். பணம் போட முடியாமல் கைவிட்டுப்போன ஏலங்களின் தேதியையும் தொகையையும் சேர்த்து வையுங்கள்.

வக்கீல் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிப் புகார் எண், நான் சொன்ன அந்த வரிசைக் குறிப்பு மூன்றையும் கொண்டு போங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100-க்கு அழையுங்கள்.