இன்ஸ்டாகிராமில் கடையை வளர்ப்பது: கடலூர், புதுச்சேரி வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்

சிறு கடைகளின் இன்ஸ்டாகிராம் கணக்குகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். போட்டோ, ரீல், விளம்பரம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஜிஎஸ்டி கேள்விகளை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே ஒன்று: காசு கொடுத்து ஃபாலோயர் வாங்காதீர்கள்.

கடலூர் முதுநகர், கருவாடு வியாபாரம்: அக்கா, பாக்கெட்டைப் போட்டோ எடுத்துப் போடுகிறோம், ஒருத்தரும் பார்ப்பதில்லை. கருவாட்டை எப்படி அழகாகக் காட்டுவது?

தம்பி, பாக்கெட்டை விடுங்கள். எல்லாக் கடைப் பாக்கெட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேலையைக் காட்டுங்கள். வஞ்சிரத்தைக் கீறி விரிப்பது, கல் உப்பை உள்ளே வைத்து அமுக்கித் தேய்ப்பது, மறுநாள் வெயிலில் புரட்டிப் போடுவது, இதெல்லாம் நீங்கள் தினமும் செய்வதால் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் புதுசு. கடைப் பெயர், லோகோ, வணக்கம் எல்லாம் பின்னால் வரட்டும். முதல் மூன்று நொடிக்குள் கத்தி மீனில் இறங்கிவிட வேண்டும். சினிமாப் பாட்டு வேண்டாம், அந்த உப்பு நெறிபடும் சத்தமே போதும். பிசினஸ் கணக்கு என்றால் பல பாட்டுகள் எப்படியும் கிடைக்காது.

கருவாடு வாங்க யோசிப்பவருக்கு இரண்டு பயம்: மணல், ஈ. ‘சுத்தமானது, சுகாதாரமானது’ என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரண், மேலே போட்ட வலை, இரண்டையும் கிட்டப் போய்க் காட்டுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை பாக்கெட்டிலும் பயோவிலும் (பக்கத்தின் மேலே இருக்கும் அறிமுக வரிகளில்) போடுங்கள். பதிவு இல்லையென்றால் முதல் வேலை அதுதான், ரீல் அப்புறம்.

இன்னொன்று, உங்கள் காலண்டர் கையிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நல்ல மீனுக்கு விலை ஏறும், ஜனம் கருவாட்டைத் தேடும். மார்ச் மாதமே ஆரம்பித்துவிடுங்கள். தடை ஏன் போடுகிறார்கள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதைக்கூட ஒரு ரீலில் உங்கள் அண்ணன் பேசலாம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பத் தோன்றுகிற வீடியோ அது. நம் கணக்கைத் தொடராதவர்களிடம் ஒரு ரீல் போய்ச் சேர, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது ரொம்ப முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். கேப்ஷனில் ‘நெத்திலி கருவாடு, கடலூர்’ என்று எழுத்திலேயே இருக்கட்டும், தேடலில் அது உதவும். ஹேஷ்டேக் மூன்று நான்கு போதும்.

நெல்லிக்குப்பம், வீட்டு முறுக்கு: எந்த நேரத்தில் போஸ்ட் போட்டால் நல்லது மேடம்?

கணக்கை புரொஃபஷனலாக மாற்றினால் இன்சைட்ஸ் வரும். உங்கள் ஃபாலோயர்கள் எந்தக் கிழமை, எந்த மணிக்கு அதிகம் உள்ளே வருகிறார்கள் என்று அதிலேயே இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். ஊருக்கெல்லாம் பொதுவான நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது.

வில்லியனூர், சுடுமண் சிற்பம்: சக்கரத்தில் மண் சுற்றுகிற வீடியோ நன்றாக ஓடுகிறது. ஆர்டர்தான் வரவில்லை.

உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன் அண்ணே. கை அவ்வளவு சுத்தம், மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு பொருளுக்குக்கூட விலை போடவில்லை. கேட்டவருக்கெல்லாம் ‘டிஎம் பண்ணுங்க’, அதாவது தனிச் செய்தி அனுப்புங்கள் என்று பதில். விலை கேட்கத் தயங்குபவர்கள் நிறைய பேர், அவர்கள் அப்படியே நகர்ந்துவிடுவார்கள். விலையை எழுதுங்கள், உயரத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் செம்பை வைத்து எடுத்தால் அளவு புரியும்.

அடுத்து, கூரியரில் உடைந்துவிடுமே என்கிற பயம். நீங்கள் வைக்கோல் வைத்துக் கட்டுவதை ஒரு ரீல் எடுத்து, பக்கத்தின் மேலேயே பின் செய்து வையுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு வரி. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த முத்திரையைப் பயன்படுத்த உங்கள் பெயரில் பதிவு இருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். இல்லையென்றால் போடக் கூடாது.

மஞ்சக்குப்பம், மொபைல் உதிரிபாகம்: ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் தருகிறேன் என்று ஒருவர் கேட்கிறார். ஆரம்பத்துக்கு மட்டும் வாங்கலாமா?

வேண்டாம். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளை மொத்தமாகத் தூக்கியது, பெரிய பெரிய ஆட்களுக்கே எண்ணிக்கை சரிந்தது. இப்போதும் அவ்வப்போது தூக்குகிறார்கள். தூக்காவிட்டாலும் நஷ்டம்தான். அந்த ஆயிரம் பேரும் உங்களிடம் ஒரு டெம்பர் கிளாஸ் வாங்கப் போவதில்லை. நீங்கள் போடுவதைக் கண்டுகொள்ளாத கூட்டத்தை நீங்களே காசு கொடுத்துச் சேர்ப்பானேன்?

திருப்பாதிரிப்புலியூர், தையல்: ரீல் போட எந்த நேரம் நல்லது அக்கா?

மேலே முறுக்குக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

புதுச்சேரி நேரு வீதி, புடவைக் கடை: பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் மாடலை நிறுத்தி எடுத்தோம். லைக் நிறைய, ஃபாலோயரும் ஏறியது. கடைக்கு ஆள் வரவில்லை, ஏன்?

இன்சைட்ஸில் ஃபாலோயர்கள் எந்த ஊர் என்று பாருங்கள். சென்னையும் பெங்களூரும் முதலில் நிற்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் விரும்பியது சுவரை. புடவை அதோடு சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். உங்களிடம் முகூர்த்தப் புடவை எடுப்பவர்கள் வில்லியனூர், பாகூர், விழுப்புரம்காரர்கள். அவர்களுக்கு முந்தானை வேலைப்பாடு, பார்டர் அகலம், விலை, நிஜ வெளிச்சத்தில் நிறம், இவ்வளவும் வேண்டும். கடை வாசலுக்குக் கொண்டுவந்து பிரித்துக் காட்டுங்கள். வாங்கிப்போன அம்மாக்கள் சம்மதித்தால் கல்யாணப் போட்டோ கேளுங்கள்.

கஃபே நடத்துபவர், ஒயிட் டவுன்: இதை ஒத்துக்கொள்ள முடியாது. எங்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருவதே அந்தச் சுவர்தான். சனி, ஞாயிறு வருபவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

உங்களுக்கு அது சரிதான் சார். வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்து சாப்பிடும் கடை உங்களுடையது. நான் சொன்னது புடவைக் கடைக்கு. யார் வாங்குவார்களோ அவர்கள் தொடர வேண்டும், அதைத்தான் இன்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரோமன் ரோலண்ட் வீதியில் குடியிருப்பவர்: நடுவில் நானும் சொல்கிறேன். சுவர் சுவர் என்கிறீர்களே, அது எங்கள் வீடு. விடிந்தால் வாசல்படியில் டிரைபாட். கோலம் போட்ட இடத்தில் செருப்புக் காலோடு நிற்கிறார்கள். என் மாமியார் கதவைத் திறந்தால் ‘ஒரு நிமிஷம் உள்ளே போங்க ஆன்ட்டி’ என்கிறார்கள்.

கஃபே நடத்துபவர்: தெரு பொதுவானதுதானே மேடம்.

தெரு பொது, படி அவர்களுடையது. சார், இதில் நான் அந்த அம்மா பக்கம். சொந்த வீட்டில் ஒரு முதிய பெண்ணை உள்ளே போகச் சொல்லி எடுத்த படத்தில் எந்தப் பிராண்டும் வளர வேண்டாம். வணிகத்துக்கு எடுப்பவர்கள் கதவைத் தட்டிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் நகருங்கள். ஒயிட் டவுனைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியிலும் ஊர் இருக்கிறது. வைசியாள் வீதியில் திண்ணையும் மரத்தூணுமாக மீட்டெடுத்த வீடுகளுக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒரு பட்டுப் புடவைக்கு அந்தத் தாழ்வாரத்தைவிடப் பொருத்தமான இடம் எது? அங்கேயும் கேட்டுவிட்டுத்தான்.

கஃபே நடத்துபவர்: சரி, வாசலை மறைக்காதீர்கள் என்று எங்கள் ஸ்டோரியில் போடுகிறோம்.

போடுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், அதனால் பக்கத்தில் நிலையாக நிற்கும் ஹைலைட்டிலும் வையுங்கள்.

முத்தியால்பேட்டை, பிரியாணிக் கடை: ஃபுட் ரிவியூ செய்யும் தம்பி இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு வீடியோ போடுகிறேன் என்கிறார். காசு கொடுக்கவில்லையே, விளம்பரம் என்று சொல்ல வேண்டுமா?

வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் இலவசப் பொருளும் சலுகையும் கணக்கில் சேரும். பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக் கூடாது. கூப்பிடும் முன் அவருடைய வீடியோவின் கீழ் கருத்துகளைப் படியுங்கள். ‘எங்கே இருக்கு, எவ்வளவு’ என்று நம் ஊர்க்காரர்கள் கேட்டிருந்தால் சரி. வெறும் நெருப்பு எமோஜி வரிசையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பண்ருட்டி, முந்திரி: காப்பிரைட் புகார், லிங்க்கில் போய்ச் சரிசெய்யாவிட்டால் கணக்கு மூடப்படும் என்று டிஎம் வந்திருக்கிறது.

தொடாதீர்கள். கணக்கைத் திருடும் ஆட்கள் அவர்கள். இன்ஸ்டாகிராம் இப்படி டிஎம்மில் வந்து லிங்க் கொடுக்காது. உண்மையான அறிவிப்பு செயலியின் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கும். ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

உப்பளம், கேக்: அக்கா, எத்தனை மணிக்குப் போஸ்ட்…

இன்சைட்ஸ். இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

அரியாங்குப்பம், செடி நர்சரி: காசு கட்டி ரீலைப் பூஸ்ட் (விளம்பரம்) பண்ணலாமா? எவ்வளவு போடலாம்?

ஏற்கெனவே நன்றாக ஓடிய ரீலுக்கு மட்டும். ஓடாததைக் காசு போட்டுத் தூக்க முடியாது. ஆட்களைத் தானாகத் தேர்வுசெய்ய விடாமல் புதுச்சேரி, கடலூர் என்று இடத்தை நீங்களே குறியுங்கள், செடி கூரியரில் போகாதே. ஒரு நாள் வியாபார லாபத்தில் விட்டால் வலிக்காத தொகை எதுவோ அதில் ஆரம்பித்து, கடைக்கு வருபவரிடம் ‘எதைப் பார்த்து வந்தீர்கள்’ என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், நிறுத்தலாமா கூட்டலாமா என்று சொல்கிறேன்.