எத்தனை ஜாயின் போட்டாலும் எட்டாத ஊர்

கேள்வி: ‘புறப்படும் ஊர்’, ‘சேரும் ஊர்’ என்று இரண்டே நெடுவரிசை கொண்ட டேட்டாபேஸ் டேபிளில் பஸ் வழித்தடங்களை வைத்திருக்கிறேன். எத்தனை பஸ் மாறினாலும் சரி, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக முடியுமா என்று ஒரே எஸ்.க்யூ.எல். குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) கேட்க வேண்டும். டேபிளின் வரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஜாயின் மேல் ஜாயின் போட்டுவிட்டேன். ஒரு பஸ் கூடுதலாக மாறினால் விடை தப்புகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு உங்களிடம் இல்லை. ஜாயின், கண்டிஷன், நாட் எக்ஸிஸ்ட்ஸ் (‘அப்படி ஒரு வரி இல்லை’ எனும் சோதனை) ஆகியவற்றை மட்டும் வைத்து அந்தக் குவெரியை யாராலும் எழுத முடியாது. கணினி அறிஞர்கள் ஆஹோவும் உல்மனும் 1979-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள்.

இவற்றின் பலம் முதல்நிலைத் தர்க்கத்தின் பலம்தான்: ‘எல்லா ஊருக்கும்’, ‘ஏதாவது ஓர் ஊர் உண்டு’ என்று பேசும் மொழி அது. அதன் எல்லையைக் கையால் தொட்டே பார்க்கலாம். இரண்டு படம் போடுங்கள். முதல் படத்தில் 1000 ஊர்கள் ஒரே வளையமாக. அடுத்ததில் 500, 500 ஆக இரண்டு தனி வளையங்கள். பக்கத்து ஊருக்கு மட்டும் பஸ், இரு திசையிலும். நான் ஏதாவது ஒரு படத்தில் ஓர் ஊரைத் தொடுவேன். நீங்கள் மற்றதில் ஈடாக ஓர் ஊரைத் தொட வேண்டும். மூன்று சுற்று. தொட்டவற்றில் எது எதற்குப் பக்கத்து ஊர், எது அதே ஊர் என்பது இரண்டு படத்திலும் ஒத்துப்போனால் நீங்கள் ஜெயித்தீர்கள். நான் வளையத்துக்கு ஒன்றாக இரண்டைத் தொட்டால், பெரிய வளையத்தில் நேரெதிராக இரண்டைத் தொடுங்கள். நடுவே இருபுறமும் 499 ஊர்கள். மிச்சமுள்ள ஒரே சுற்றில் என்னால் உங்களை மடக்க முடியாது.

தர்க்க வாக்கியங்கள் எந்த அமைப்புகளில் உண்மையாகும் என்று ஆராயும் மாதிரிக் கோட்பாட்டில் இதற்கு ஏரன்ஃபாய்ஹ்ட்–ஃப்ரெஸே ஆட்டம் என்று பெயர். ஒரு சுற்று ஓர் அடுக்குக்குச் சமம். மூன்று சுற்றிலும் நீங்கள் ஜெயிக்க முடிவதால், ‘எல்லா’, ‘ஏதாவது’ ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றடுக்கு வரை போகும் எந்த வாக்கியமும் இந்த இரு படங்களைப் பிரிக்காது. அடுக்கைக் கூட்டினால் வளையத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். உங்கள் குவெரி மட்டும் கிடைத்திருந்தால், ‘எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போகலாம்’ என்று சொல்லி இரண்டையும் உடனே பிரித்திருக்கலாமே! எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது.

சரி, வேலை நடக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். 1999 தரநிலையில் வந்த வித் ரிகர்சிவை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த விடையை வைத்தே அடுத்த விடையைத் தேடிக்கொண்டு போகும் குவெரி அது. போஸ்ட்கிரஸ், எஸ்க்யூலைட் போன்ற டேட்டாபேஸில் எழுதினால் யூனியன் ஆல் வேண்டாம், ஏற்கெனவே வந்த வரியை மறுபடி சேர்க்காத வெறும் யூனியன் போடுங்கள். வழித்தடம் சுற்றி வந்தால் ஆல் நிற்காமல் ஓடும். அப்புறம், எத்தனை பஸ் மாறினோம் என்ற எண்ணையும் சேர்த்தால் யூனியனும் காப்பாற்றாது. அதே ஊர் வேறு எண்ணோடு புது வரியாகத் திரும்பத் திரும்ப வரும். அதற்கு ‘20-க்குள்’ என்பது போல ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று பஸ் மாறுவதோடு போதும் என்றால் உங்கள் பழைய ஜாயினே போதும்.